வெயிலுகந்தாள் அம்மையார் சுமந்த உப்பு

தென்கடற்கரையில் அளத்துப்பட்டி என்றோர் ஊர். கண்ணுக்கெட்டிய தூரம் மரம் என்று ஒன்று கிடையாது. பாத்தி பாத்தியாகக் கடல்நீரைத் தேக்கி வெயிலில் காயவிட்டு உப்பு விளைவிக்கும் பூமி. அந்த அளத்தில் கூலிக்கு உப்பு வாரிய பெண்களுள் ஒருவர் வெயிலுகந்தாள் அம்மையார். ஊரார் சுருக்கமாக வெயிலா என்பார்கள். விடியும்போது பாத்தியில் இறங்கினால் உச்சிவெயில் ஏறும்வரை வாருபலகையால் உப்பை இழுத்து வரப்பில் குவிப்பதும், பெட்டியில் அள்ளித் தலைச்சுமையாகக் கொண்டுபோய் உப்புக் குவியலான அம்பாரத்தில் தட்டுவதும் அவர் பணி. உப்புநீரில் நின்று நின்று பாதங்கள் பாளம் பாளமாக வெடித்திருந்தன. அந்த வெடிப்பில் உப்பு இறங்கும்போது பிற பெண்கள் பல்லைக் கடிப்பார்கள். அம்மையார் "முருகா" என்று மெல்லச் சொல்லிக்கொண்டு அடுத்த பாத்திக்கு நடப்பார்.

மழை கழுவிவிட்ட மாதங்களில், காற்றில் தூசி இல்லாத விடியற்காலைகளில், மேற்கே வெகுதொலைவில் ஒரு நீலப் புள்ளி தெரியும். அதுதான் வேளிக்குன்றம். குன்றின் உச்சியில் வேலவன் கோயில் கொண்டிருந்தான். அம்மையார் பாத்தியில் கால் வைக்கும் முன் அந்தத் திசையைப் பார்த்து, "அய்யா, எந்திச்சிட்டீரா?" என்று கேட்பார். புள்ளி தெரியாத நாட்களிலும் கேட்பார். பிறகு, நீரின் மேல் முதலில் பூத்து மிதக்கும் மெல்லிய உப்புப் படலத்தை உள்ளங்கையால் ஒதுக்கி எடுத்து, அழுக்குப் போகத் தெளிந்த உப்புநீரிலேயே அலசித் தனிக் கலயத்தில் இடுவார். கூலியாகக் கிடைத்த உப்பில் தம் பங்கு குறைந்தாலும் இந்தக் கலயத்தில் கை வைக்கமாட்டார். அது வேலவனின் அமுதுக்குரியது.

அதற்கு ஒரு காரணம் உண்டு. அம்மையாருக்குச் செண்பகம் என்று ஒரே பெண் குழந்தை பிறந்து, தளிர்நடை நடக்கும் பருவத்தில் காய்ச்சலில் மறைந்துபோனது. கணவர் பலவேசம் பேச்சு குறைவானவர். மகளைப் புதைத்து வந்தபின் பல நாள் சோறு தொடாமல் கிடந்த மனைவியிடம், "வார தைப்பூசத்துக்கு வேளிக்குன்றத்துக்குப் போவோம். நம்ம கையால வெளைஞ்ச உப்பு ஒரு பெட்டி கொண்டுபோயி அவரு சோத்துக்குப் போடுவோம். மத்ததெல்லாம் அவரு பாத்துக்கிடுவாரு" என்றார். அந்தத் தை பிறக்குமுன் புயலில் அளத்துக் கரை உடைந்தது. மண்மூட்டை அடுக்கப் போன பலவேசத்தை வெள்ளம் கொண்டுபோய்விட்டது. அவர் சொன்ன சொல் மட்டும் அம்மையாரிடம் மிஞ்சியது. "நெறபெட்டி உப்போட வந்துதான் அய்யா உம்ம மொகத்தப் பாப்பேன்" என்று அதை அவர் தம் நேர்ச்சையாக்கிக்கொண்டார்.

பார்க்கவேண்டும் என்ற அந்த ஆசை நாளுக்கு நாள் வளர்ந்தது. மலைக்குப் போய்வந்தவர்கள் யார் எதிர்ப்பட்டாலும் நிறுத்தி விசாரிப்பார். கோயிலுக்கு எத்தனை படி, என்ன கூட்டம் என்றெல்லாம் அவர் கேட்பதில்லை. "அய்யா எப்படி நிக்காவ? நம்மளப் பாத்தாப்புல நிக்காவளா?" என்பார். சொல்பவர் தமக்குத் தோன்றியதைச் சொல்லிவிட்டுப் போவார். அம்மையார் அன்று முழுவதும் அதையே நினைத்துக்கொண்டு உப்பு வாருவார்.

மழைக்காலத்தில் அளத்தில் வேலை இராது. அந்த மாதங்களில் மற்றவர்கள் கூலி உப்பை உள்நாட்டாரிடம் கொடுத்துக் கம்பும் சோளமும் மாற்றிக்கொள்வார்கள். அம்மையார் கீரையைப் பறித்து அவித்துத் தின்றுகொண்டு உப்பைக் காத்தார். அளத்து மேலாள் கொம்பையாவுக்கு அது வேடிக்கையாக இருந்தது. "வெயிலா, வயித்துக்கு இல்லாம உப்பப் பூட்டி வச்சிருக்கியே, அந்தச் சாமி ஒன்ன வரச் சொன்னாரா?" என்று எல்லார் முன்னும் கேட்டார். அம்மையார் சினம் கொள்ளவில்லை. "அவரு வரச் சொல்லலண்ணாச்சி. எனக்குத்தான் பாக்கணும்போல இருக்கு" என்றார்.

முதல் தையில் பனையோலைப் பெட்டி நிறைய உப்போடு புறப்பட்டார். கடற்கரை மணலைக் கடந்து கரிசலில் ஏறி, கல்லுடைத்துப் பிழைப்பவர்களின் குடியிருப்பு ஒன்றில் பொழுது சாய ஒதுங்கினார். அங்கே ஒரு குடிசையில் பிள்ளை பெற்று எழுந்த இளம்பெண் ஒருத்தி கேழ்வரகுக் கூழைக் கையில் வைத்துக்கொண்டு விழுங்கமுடியாமல் இருந்தாள். உப்பில்லாத கூழ். அம்மையார் ஒரு பிடி எடுத்து அந்தக் கலத்தில் இட்டார். அந்தப் பெண் குடித்த வேகத்தைப் பார்த்து அவர் கண்கள் கலங்கின. செய்தி தெருவுக்குத் தெரிந்தது. ஒருவர் பின் ஒருவராகச் சிரட்டையும் சட்டியுமாக வந்து நின்றார்கள். ஒருவரும் வாய்திறந்து கேட்கவில்லை. வெறுமனே நின்றார்கள். அம்மையாரின் கை தானாகப் பெட்டிக்குள் போய்க்கொண்டே இருந்தது. மறுநாள் காலையில் பெட்டியின் அடியில் கொஞ்சமே இருந்தது. நிறைபெட்டி என்றல்லவா நேர்ந்தோம் என்று மேற்கே பார்த்துக் கும்பிட்டு ஊர் திரும்பினார்.

அடுத்த தையிலும் புறப்பட்டார். அந்த ஆண்டு மாடுகளுக்குக் கோமாரி கண்டிருந்தது. பாதி வழியில் உப்பு வண்டிகள் வரிசையாக நுகத்தடி இறக்கிக் கிடந்தன. வாயிலும் குளம்பிலும் புண் கண்டு காளைகள் எழமுடியாமல் படுத்திருந்தன. ஒரு வண்டிக்காரர் தம் காளையின் தலையை மடியில் வைத்துக்கொண்டு ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். அவர்கள் ஏற்றிவந்த உப்பு முன்பே உள்நாட்டு ஊர்களில் விற்றுத் தீர்ந்துபோயிருந்தது. அம்மையார் பெட்டியை இறக்கி, வெந்நீரில் உப்பைக் கரைத்து ஒவ்வொரு காளையின் வாயையும் குளம்பையும் கழுவினார். நாலைந்து நாள் அங்கேயே தங்கிக் கழுவினார். சில பிழைத்தன, பல மாண்டன. பூசமும் கழிந்தது, பெட்டியும் காலியானது. அந்த வண்டிக்காரர் பிரியும்போது, "ஒங்க கோயில் காரியத்தக் கெடுத்துட்டோமே தாயி" என்றார். "அய்யாவுக்குத் தெரியாமலா இருக்கும்?" என்று சொல்லிவிட்டு அம்மையார் நடந்தார். ஆனால் ஊர் எல்லை வந்ததும் வரப்பில் உட்கார்ந்து வெகுநேரம் அழுதார்.

இரண்டாம் முறையும் வெறும் பெட்டியோடு வந்தவரை அளத்துப்பட்டி விடவில்லை. "வெயிலா வருவான்னு வழியெல்லாம் சட்டியோட காத்துக் கெடக்கானுவ. மலைச்சாமி மட்டும் சப்புன்னு சோத்தத் திங்காரு" என்று கொம்பையா சொல்ல, பெண்களும் சிரித்தார்கள். இந்தச் சொல் அம்மையாரைத் தைத்தது. கேலி அவருக்குப் பழகியிருந்தது. வேலவனுக்கு ஒரு பிடிகூடக் கொண்டு சேர்க்கவில்லையே என்ற நினைவைத்தான் தாங்க முடியவில்லை. அந்த ஆண்டு முழுவதும் அவர் பாத்தியில் இறங்கும்போது வேலவனிடம் ஒன்றும் கேட்கவில்லை. மேற்கே பார்க்கவே கூசினார். பார்க்காத நாட்களில் ஏக்கம் இன்னும் கூடியது. உப்பு வாரிக்கொண்டிருக்கையில் சட்டென்று வாருபலகையை ஊன்றி நின்றுவிடுவார். பக்கத்துப் பாத்திப் பெண் "என்ன மயினி?" என்றால், "ஒண்ணுமில்ல, வெயிலு" என்பார்.

மூன்றாம் தை வந்தது. இம்முறை அம்மையார் பெட்டிக்கு மூடி போட்டு, பனைநார்க் கயிற்றால் குறுக்கும் நெடுக்குமாக இறுக்கி, முடிச்சின் மேல் முடிச்சாகப் போட்டார். யார் எதிர்ப்பட்டாலும் திறப்பதில்லை என்று தமக்குத்தாமே உறுதி சொல்லிக்கொண்டார். ஊர்களுக்குள் நுழையாமல் புறத்தே சுற்றி நடந்தார். சத்திரங்களில் தங்கவில்லை. கேட்பவர் எவரையும் காணாதபடி முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு குனிந்தே போனார். கடலோரத்தில் நீலப் புள்ளியாக இருந்த குன்று ஒவ்வொரு நாளும் பெரிதாகி, பச்சையாகி, அதன் மேல் கோபுரமும் கொடிமரமும் துலங்கின. பூசத்தன்று காலை அடிவாரத்துக்கு அருகே வந்துவிட்டார். மேலே மணி ஒலிப்பது கேட்டது. வாழ்நாளில் அவர் கேட்ட முதல் வேளிக்குன்றத்து மணி அதுவே. கால்கள் நடப்பதை மறந்து ஓடத் தொடங்கின.

பாதை ஒரு செம்மண் மேட்டை ஒட்டிச் சென்றது. மேட்டில் ஆட்கள் சிலர் தலைகுனிந்து நின்றிருந்தார்கள். சிறிய குழி ஒன்று வெட்டியிருந்தது. குழியின் விளிம்பில் ஒரு பெண் துணியில் சுற்றிய குழந்தையை மார்போடு அணைத்து உட்கார்ந்திருந்தாள். ஆடு மேய்க்கும் குடியைச் சேர்ந்த உச்சிமாகாளி அவள். முந்தைய நாள் அவள் மகளைக் காய்ச்சல் கொண்டுபோயிருந்தது. மண்வெட்டி வைத்திருந்த முதியவர் குழந்தையைத் தரும்படி கெஞ்சினார்.

"உப்பு போடாம குழியில வைக்காதிய மாமா. நரி தோண்டிரும். எம்புள்ளைய நரி தொட விடமாட்டேன்."

"ஊருல ஒரு கல்லு உப்பு இல்லயே தாயி. போன வருசம் மாடெல்லாம் செத்ததுலருந்து உப்பு வண்டி வரலன்னு ஒனக்குத் தெரியாதா? ராத்திரிலருந்து பிடிச்சு வச்சிருக்க. வெயிலு ஏறுது, குடு."

அவள் கொடுக்கவில்லை. அழவும் இல்லை. குழந்தையின் முகத்தில் விழுந்த வெயிலைக் கையால் மறைத்துக்கொண்டிருந்தாள்.

அம்மையார் இவற்றையெல்லாம் கேட்டார். கேட்காதவர்போல நடந்தார். பெட்டியை இரு கைகளாலும் தலைமேல் அழுத்திப் பிடித்துக்கொண்டார். "இது ஒம்ம உப்பு அய்யா. எனக்குள்ளதா இருந்தா எப்பவோ குடுத்திருப்பேன். ஒம்ம சொத்த எடுத்துக் குடுக்க நான் யாரு?" என்று முணுமுணுத்தபடி இன்னும் சிறிது தூரம் போனார். மீண்டும் மணி ஒலித்தது. அபிடேகம் தொடங்கப்போகிறது. இத்தனை ஆண்டு காண ஏங்கிய முகம் அந்தப் படிகளுக்கு மேலேதான் இருக்கிறது. அப்படியிருந்தும் கால்கள் நகரவில்லை. செண்பகத்தைக் குழிக்குள் வைத்த நாள் அவர் கண்முன் வந்தது. உப்பு விளையும் ஊரல்லவா, அம்பாரத்திலிருந்து கூடை கூடையாகக் கொண்டுவந்து கொட்டினார்கள். பலவேசம் கையாலேயே அதைச் சமன்செய்து, மகள் தலைக்குக் கொஞ்சம் உயர்த்திவைத்தார். அன்று அந்த ஒன்று இல்லாமல் போயிருந்தால் தாம் உயிரோடு வீடு திரும்பியிருக்கமாட்டோம் என்று அம்மையாருக்குத் தெரியும்.

குன்றைப் பார்த்துத் தரையில் விழுந்து வணங்கினார். "மன்னிச்சிக்கிடும் அய்யா. இந்தத் தடவையும் நான் வரல" என்றார். பிறகு திரும்பி மேட்டில் ஏறினார்.

முடிச்சுகள் அவிழவில்லை. அத்தனை இறுக்கமாகப் போட்டிருந்தார். குனிந்து பல்லால் கடித்துக் கயிற்றை அறுத்தார். உதடு கிழிந்தது. மூடியைத் திறந்ததும் வெயிலில் உப்பு மின்னியது. நின்றிருந்தவர்கள் விலகி வழிவிட்டார்கள்.

"தாயி, நான் உப்புக்காரி. எம்புள்ளைக்கும் இப்பிடித்தான் போட்டோம். பயப்படாத, நெறைய இருக்கு" என்றார் உச்சிமாகாளியிடம்.

குழிக்குள் தாமே இறங்கி, வேலவனுக்கென்று பூப்பூவாகச் சேர்த்த உப்பைக் கீழே மெத்தை போலப் பரப்பினார். தலைமாட்டில் கொஞ்சம் உயர்த்திவைத்தார். அதன் பிறகே அந்தத் தாய் குழந்தையை நீட்டினாள். வாங்கிக் கிடத்தி, மீதி உப்பை ஒரு பொடி விடாமல் மேலே சொரிந்தார். அவர் மேலே ஏறியதும் செம்மண் தள்ளப்பட்டது. உச்சிமாகாளி எழுந்து அம்மையாரின் கையைப் பிடித்தாள். பிடித்த கையை வெகுநேரம் விடவில்லை.

பெட்டி காலியாகிவிட்டாலும், குற்றத்தைச் சொல்லி வணங்கிவிட்டாவது போவோம் என்று அம்மையார் அடிவாரம் சென்றார். அங்கே மண்டபத்தில் மடைப்பள்ளி மேலாளர் அமர்ந்து அரிசி, பருப்பு, வெல்லம் என்று அடியார்கள் கொண்டுவந்த பண்டங்களை வாங்கிக்கொண்டிருந்தார். அம்மையாரின் முறை வந்தபோது பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

"என்ன கொண்டாந்த?"

"உப்பு கொண்டாந்தேன் சாமி. இப்போ இல்ல."

"வெறும் பெட்டியத் தூக்கிட்டு இம்புட்டுக் கூட்டத்துல வந்து நிக்கியே. வாயில ரத்தம் வேற. எட்டிப் போ, அடுத்தவங்க வரட்டும்."

வரிசையில் நின்றவர்கள் நகைத்தார்கள். அம்மையார் குழியைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. படிகள் திறந்தே இருந்தன, ஏறவேண்டாம் என்று யாரும் தடுக்கவும் இல்லை. ஆனால் வெறுங்கையோடு ஏற அவருக்கு மனம் வரவில்லை. முதற்படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நிமிர்ந்து மேலே பார்த்தால் ஏறிவிடுவோமோ என்று அஞ்சிப் பார்க்காமலே திரும்பினார். அந்த மேட்டில் உச்சிமாகாளி தனியே உட்கார்ந்திருப்பாள் என்ற நினைவு வந்தது. அங்கே போய் அவளருகில் அமர்ந்துகொண்டார்.

உச்சிக்காலப் பூசைக்காக மலைமேல் கருவறைக் கதவைத் திறந்தார் அர்ச்சகர் சங்கரலிங்கப் போத்தி. காலையில் அவரே கழுவித் துடைத்துவிட்டுப் போன பீடத்தில், பெருமான் திருவடியைச் சுற்றி உப்புக் குவிந்து கிடந்தது. முத்துப்போல வெளுத்த உப்பு. ஆங்காங்கே செம்மண் ஒட்டியிருந்தது. யாருடைய குறும்போ என்று எண்ணி அவர் அதை வழித்து அப்புறப்படுத்தினார். நீர் எடுக்கத் திரும்பி மறுபடி பார்க்கையில் முன்போலவே குவிந்திருந்தது. கைகூப்பி நின்ற அவர் உள்ளத்தில் தெளிவாக ஒரு குரல் கேட்டது. "இதை எனக்குக் குழியில் இட்டாள் ஒருத்தி. இட்டவள் என் வாசல்வரை வந்து, என்னைப் பாராமல் திரும்பிவிட்டாள். அவள் இல்லாமல் எனக்கு என்ன பூசை?"

போத்தி மணியைக் கீழே வைத்தார். மேல்துண்டு நழுவியதையும் கவனியாமல் படிகளில் இறங்கி ஓடினார். கருவறை விட்டால் மடம், மடம் விட்டால் கருவறை என்று இருந்தவர் சுடும் பாறையில் வெறுங்காலோடு ஓடிவருவதைக் கண்டு கூட்டம் விலகியது. அடிவாரத்தில் மேலாளரைப் பிடித்து நிறுத்தி, உப்புக் கொண்டுவந்தவர் யார் என்று கேட்டார். மேலாளர் அம்மையார் போன திசையைக் கையால் காட்டினார். பின் அவரும் கூடவே ஓடினார்.

செம்மண் மேட்டில் புதிய குழியின் அருகே இரண்டு பெண்கள் அமர்ந்திருந்தார்கள். ஒருத்தியின் தலை மற்றவர் மடியில் இருந்தது. போத்தி வந்து நின்றதும் அம்மையார் பதறி எழுந்தார். அவரோ அப்பெண்மணியின் வெடித்த பாதங்களின் முன் வணங்கினார்.

"அம்மா, ஒங்களக் கூட்டிட்டு வரச் சொல்லி உத்தரவு. பூச நின்னுபோச்சு. வாங்க."

"வெறுங்கையா எப்படி சாமி வருவேன்? நெறபெட்டியோட வாரேன்னு சொல்லியிருக்கேனே."

"கொண்டுவந்தது முழுசும் வந்து சேந்துட்டுது. வந்து பாருங்க."

அம்மையாருக்கு விளங்கவில்லை. உச்சிமாகாளியைத் திரும்பிப் பார்த்து, "இந்தப் புள்ளையும் வரட்டுமா சாமி? இவள இங்க ஒத்தையில விட்டுட்டு வர முடியாது" என்றார். போத்தி தலையசைத்தார். மேலாளரும் பின்தொடர, மூவருமாகப் படியேறினார்கள்.

ஆயிரம் முறை மனத்தால் ஏறிய படிகள் அவை. சன்னிதியில் போத்தி திரையை விலக்கினார். விளக்கொளியில் வேல் தாங்கி நின்றான் வேளிக்குன்றத்துப் பெருமான். அம்மையார் பார்த்தார். கேட்க நினைத்தவை, சொல்ல நினைத்தவை, கணவர் பெயர், மகள் பெயர் எதுவும் நினைவில் எழவில்லை. கண்ணீர் மட்டும் நிற்காமல் வழிந்தது. வெகுநேரம் கழித்தே அவர் பார்வை திருவடிக்கு இறங்கியது. தம் உள்ளங்கையால் ஒதுக்கி அலசிய உப்பை அவரால் அடையாளம் காண முடியாதா? அதில் ஒட்டியிருந்த மண்ணையும் கண்டார்.

"அய்யோ சாமி, இது புள்ளைக்குப் போட்டதுல்லா?" என்றார் அச்சத்தோடு.

"ஆமாம்மா. அந்தப் புள்ளைதான் வாங்கிக்கிட்டு இங்க வந்து நிக்குது" என்றார் போத்தி.

அதைக் கேட்டதும், முந்தைய நாள் முதல் ஒரு துளி கண்ணீர் விடாதிருந்த உச்சிமாகாளி வாய்விட்டு அழுதாள். அழுதுகொண்டே பெருமானை நோக்கி இரு கைகளையும் நீட்டினாள், மகளை வாங்க நீட்டுவது போல. அம்மையார் அவளைத் தோளோடு சேர்த்து அணைத்துக்கொண்டார்.

பீடத்தில் இருந்த உப்பை மேலாளரே தலையில் சுமந்து மடைப்பள்ளிக்குக் கொண்டுசென்றார். குழியில் இட்டதைச் சமையலில் சேர்க்கலாமா என்று ஒருவர் தயங்கிக் கேட்டார். "பெருமான் காலடியில கெடந்தது. எனக்கு அதுக்குமேல தெரியாது" என்று சொல்லி அவர் அடுப்படிக்குப் போய்விட்டார். அன்றைய அமுது அந்த உப்பில்தான் ஆயிற்று. வரிசையில் வந்த அனைவருக்கும் இலையிட்டுப் பரிமாறியபின், கடைசிக் கவளத்தை அம்மையாரும் உச்சிமாகாளியும் ஒரே இலையில் உண்டார்கள்.

வெயிலுகந்தாள் அம்மையார் அதன்பின்னும் பல ஆண்டுகள் அளத்துப்பட்டியில் உப்பு வாரி வாழ்ந்தார். தை பிறந்தால் பெட்டியோடு கிளம்புவார். பெட்டியைக் கயிறு போட்டுக் கட்டுவதை மட்டும் விட்டுவிட்டார். வழியில் கேட்டவருக்கும் கேட்காதவருக்கும் கொடுத்து, மிஞ்சியதை மலைக்குக் கொண்டுசெல்வார். சில ஆண்டுகளில் ஒன்றும் மிஞ்சுவதில்லை. அப்போதும் கூசாமல் படியேறிச் சன்னிதியில் நின்றார்.

கண்ணெதிரே துயருற்று நின்றவரைக் கடந்துபோக முடியாதவராகிக் கடவுளைச் சேர்ந்த அந்த அம்மையாரின் வெடித்த பாதங்கள் நம் தலைமேல் இருப்பனவாக.